கன்சோல்களுக்கு 100 ஜிபி டிஸ்க் போதுமா? 300 ஜிபி வேண்டுமா?

டிஸ்க்தாசன்
அடுத்த தலைமுறை கன்சோல் (டிவியில் இணைத்து விளையாடும் கேம் பெட்டி) என்று பேச்செடுத்தாலே சிப், ஒளியை நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங், விலை என்றுதான் ஓடுகிறது. டிஸ்க்கைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. அதனால் இந்தத் திரி.

கணக்கைப் பாருங்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 1, அதாவது பிஎஸ்1 காலத்து சிடி 700 எம்பிக்குள் அடங்கியது. பிஎஸ்2 டிவிடிக்கு மாறியதும் இரட்டை அடுக்கில் 8.5 ஜிபி, ஏறக்குறைய 12 மடங்கு. பிஎஸ்3 ப்ளூ-ரேயில் 50 ஜிபி, 6 மடங்கு. பிஎஸ்4 அதே 50இல் நின்றுவிட்டது. 2020இல் வந்த பிஎஸ்5 மூன்று அடுக்கு டிஸ்க்கில் 100 ஜிபி, வெறும் 2 மடங்கு. கேம்கள் மட்டும் நிற்கவில்லை. 2018இல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பிஎஸ்4இல் இரண்டு டிஸ்க்காக வந்தது. சரி, புது கன்சோல் வந்தால் தீர்ந்துவிடும் என்று இருந்தோம். ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த் பிஎஸ்5இலேயே இரண்டு டிஸ்க். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் கம்ப்ளீட் எடிஷனும் இரண்டு. பால்டர்ஸ் கேட் 3 பிஎஸ்5இல் இரண்டு, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸில் மூன்று.

100 ஜிபி நான்கு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்த கன்சோலில் குறைந்தது 200, முடிந்தால் 300 ஜிபி டிஸ்க் வேண்டும் என்பது என் கட்சி. தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சோனியும் பானாசோனிக்கும் 2014 மார்ச்சிலேயே 300 ஜிபி ஆர்க்கைவல் டிஸ்க்கை அறிவித்தவர்கள். மறுப்பவர்கள் வரலாம்.

ஸ்டிக்ட்ரிஃப்ட்
வந்துவிட்டேன்.

இருக்கிற 100 ஜிபியையே நிரப்ப மனமில்லாதவர்கள் கையில் 300 ஜிபி கொடுத்து என்ன ஆகப்போகிறது ப்ரோ? 2022இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி. ஜிபி இல்லை, எம்பி. பிஎஸ்1 சிடியில் பத்தில் ஒரு பங்கு. மிச்சம் முழுக்க டவுன்லோடு. 2025இல் டூம் தி டார்க் ஏஜஸ் டிஸ்க்கும் அதே கதை, 85 எம்பி. அந்த டிஸ்க் கேம் இல்லை, "நான் காசு கொடுத்தவன்" என்று கன்சோலிடம் காட்டும் ரசீது.

சோனியின் சொந்தக் கணக்கிலேயே முழு கேம் விற்பனையில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு டிஜிட்டல் வந்துவிட்டது. மீதி ஒரு பங்குக்காகப் புது லேசர், புது டிரைவ், புது அச்சு எந்திரம். யார் செய்வார்கள்?

டிஸ்க்தாசன்
நீங்கள் சொன்ன உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி. மாடர்ன் வார்ஃபேர் 2 மாதிரி கேம் அப்டேட்களோடு சேர்ந்து ஒரே டிஸ்க்கில் அடங்காமல் போகலாம். இரண்டு டிஸ்க் போட்டால் அச்சுச் செலவு, பெட்டிச் செலவு, தரச் சோதனை எல்லாம் கூடும். பதிப்பாளர் யோசிக்கிறார்: எப்படியும் முழுசாகப் போகாது, அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும், ஒரு சாவியை மட்டும் போட்டு அனுப்பு. ஒரே டிஸ்க்கில் 300 ஜிபி போகும் என்றால் அந்தச் சாக்கு செத்துவிடும்.

சாக்கு இல்லாவிட்டாலும் செய்யாதவர்கள் இருப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் அப்படி இல்லை.

சுமதி_ஆர்பிஜி
இந்த வாதத்தை 2005, 2006இல் ஒரு சுற்று பார்த்தவள் நான். அப்போது டிவிடியா ப்ளூ-ரேயா என்று சண்டை. தம்பிகளுக்கு நினைவிருக்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எக்ஸ்பாக்ஸ் 360 2005 நவம்பரில் இரட்டை அடுக்கு டிவிடியோடு வந்தது. 8.5 ஜிபி என்று பேர், பாதுகாப்புப் பகுதிகள் போகக் கேமுக்குக் கிடைத்தது ஆரம்பத்தில் 7 ஜிபியைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருடம் பிஎஸ்3 ப்ளூ-ரேயோடு வந்தது. விலை 499, 599 டாலர். ஊரே சிரித்தது. நீல லேசர் டயோடு கிடைக்காமல் ஐரோப்பாவில் வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

அதற்கப்புறம் 360இல் நடந்ததைப் பாருங்கள். ப்ளூ டிராகன் 3 டிஸ்க். லாஸ்ட் ஒடிசி 4. எல்.ஏ. நுவார் 3, அதே கேம் பிஎஸ்3இல் 1. ஃபைனல் ஃபேன்டஸி 13 கதையும் 3க்கு 1. இந்தக் கடைசிக் கேமில்தான் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. 360 பதிப்பில் வீடியோ காட்சிகளை மேலும் நசுக்கியிருந்தார்கள். வேகமான காட்சிகளில் நிறம் கட்டம் கட்டமாகப் பிசிறடிக்கும். ஆகவே அந்தக் காலத்தில் பெரிய டிஸ்க் வேண்டும் என்றவர்கள் சொன்னது நியாயமே.

ஆனாலும் 360 அதனால் தோற்றதா? இரண்டு கன்சோலும் 8 கோடிக்கு மேல் விற்றன. டிஸ்க் மாற்ற வேண்டியிருக்கிறதே என்று லாஸ்ட் ஒடிசியை வாங்காமல் விட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 1997இல் ஃபைனல் ஃபேன்டஸி 7 மூன்று சிடியில் வந்தபோது முதல் டிஸ்க் முடியும் இடமே ஊர்ப் பேச்சாக இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்பதை இன்னும் விளையாடாதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

இன்றைக்கு நிலைமை இன்னும் சுலபம். பிஎஸ்4 காலத்திலிருந்து எல்லாமே இன்ஸ்டால்தான். ரெட் டெட் 2இல் ஒன்று இன்ஸ்டால் செய்ய மட்டும் டேட்டா டிஸ்க், ஒன்று விளையாடும்போது உள்ளே இருக்க வேண்டிய ப்ளே டிஸ்க். முதல் நாள் ஒரு தடவை மாற்றினால் ஆயுசுக்கும் அவ்வளவுதான். அந்த ஒரு தடவை எழுந்து போகச் சோம்பல்பட்டா 300 ஜிபி கேட்கிறீர்கள் தாசன்?

பிட்கஞ்சன்
சுமதி அக்கா வரலாறு சொன்னார். நான் கேம் செய்பவர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சின்ன ஸ்டுடியோ, சின்ன கேம்கள், ஆனாலும் ஒவ்வொரு எம்பிக்கும் சண்டை போடுகிற வேலை என்னுடையது.

கேம் பெரிதாக இருப்பதற்கும் கேமில் விஷயம் நிறைய இருப்பதற்கும் சம்பந்தம் குறைவு. ஹெல்டைவர்ஸ் 2 பிசி பதிப்பு 154 ஜிபி இருந்தது. 2025 கடைசியில் அதை 23 ஜிபிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு துப்பாக்கியையும் நீக்கவில்லை. ஹார்டு டிஸ்க்கில் விளையாடுபவர்களுக்காக ஒரே தரவைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தார்கள், அதை எடுத்தார்கள், அவ்வளவே. ஹார்டு டிஸ்க்கில் படிக்கும் தலை அங்கும் இங்கும் ஓடித் தேடினால் நேரம் போகும் என்பதால் வந்த பழக்கம் அது. 2020 மார்ச்சில் பிஎஸ்5இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி அதைப் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னார்: பிஎஸ்4 ஸ்பைடர்மேனில் சில தரவுகள் 400 தடவை பிரதி எடுக்கப்பட்டிருந்தன.

இன்னொரு பக்கம் 1999இல் ரெசிடென்ட் ஈவில் 2ஐ நின்டெண்டோ 64க்குக் கொண்டுபோன ஆட்களைப் பாருங்கள். இரண்டு சிடி கேமை, வீடியோ உட்பட, 64 எம்பி கார்ட்ரிட்ஜில் அடைத்தார்கள். இடம் இல்லாதபோது வழி பிறந்தது. இடம் கொடுத்தால் குப்பை சேரும். 300 ஜிபி டிஸ்க் வந்தால் அடுத்த மாதமே 310 ஜிபி கேம் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்தாசன்
சுமதி அக்கா, சோம்பல் இல்லை. இரண்டு டிஸ்க் என்றதும் பதிப்பாளர் பின்வாங்குகிறார் என்பதுதான் என் கவலை.

கஞ்சன் ப்ரோ, நல்ல உதாரணம், ஆனால் பாதிக் கதை. அந்த ஹெல்டைவர்ஸ் 2 கன்சோலில் முதலிலிருந்தே பிசி அளவில் மூன்றில் ஒரு பங்குதான். ஏனென்றால் பிஎஸ்5இல் இருப்பது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம், பிரதி எடுக்கத் தேவையில்லை. கிராகன் என்று வன்பொருளிலேயே சுருக்கத்தைப் பிரிக்கும் வசதியும் உண்டு. அதாவது கன்சோலில் கொழுப்பைக் கரைத்தாயிற்று. கரைத்த பிறகும் ரீபர்த் 150 ஜிபி பக்கம் நிற்கிறது. இன்னும் எதைச் சுருக்கச் சொல்கிறீர்கள்? பொருள்களின் மேல் ஒட்டும் 4கே டெக்ஸ்சர் படங்களையா, குரல் பதிவையா? 64 எம்பி ரெசிடென்ட் ஈவில் சாதனைதான், ஆனால் அதன் வீடியோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சாதனையின் விலையையும் பார்த்திருப்பார்கள்.

தென்காசிக்காரன்
எல்லாரும் டிஸ்க்கைச் சாவி, ரசீது என்று கேலி செய்கிறீர்கள். எங்கள் வீட்டில் 40 எம்பிபிஎஸ் லைன். அதுவும் மழை பெய்தால் போய்விடும். கணக்குப் போடுங்கள்: நொடிக்கு 5 எம்பி, 100 ஜிபிக்கு ஐந்தரை மணி நேரம். அந்த ஐந்தரை மணி நேரமும் வீட்டில் வேறு யாரும் யூடியூப் பார்க்கக்கூடாது. கரண்ட் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கேம் வாங்கினால் திங்கட்கிழமை ஆபீஸ் போய் வந்துதான் விளையாட முடியும்.

அப்புறம் பணம். 5000 ரூபாய்க்குப் புது கேம் வாங்கி, முடித்ததும் கை மாற்றிவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு அடுத்தது வாங்குவதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. டிஜிட்டலில் வாங்கியதை யாருக்கு விற்பது?

ஸ்டிக்ட்ரிஃப்ட்
தென்காசி ப்ரோ, நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் "டிஸ்க் இருக்கட்டும்" என்பதற்கான காரணம். "டிஸ்க் பெரிதாகட்டும்" என்பதற்கு அதில் ஒன்றுகூட இல்லை. இரண்டு 100 ஜிபி டிஸ்க் கொடுத்தாலும் உங்கள் பிரச்சினை தீரும். பழைய கேமாக விற்கும்போது இரண்டையும் சேர்த்துக் கொடுக்க மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

தென்காசிக்காரன்
ப்ளே டிஸ்க் மட்டும் வைத்து ஒருவர் என்னிடம் விற்றிருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள். இதை ஒரு தனித் திரியாகவே போடலாம்.

லேசர்405
கன்சோல் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் டிரைவ் பக்கத்துச் செய்தி சிலது.

தாசன் "தொழில்நுட்பம் இருக்கிறது" என்றார். சிடி 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடி 650, சிவப்பு. ப்ளூ-ரே 405, ஊதா. ஒவ்வொரு தடவையும் அலைநீளம் குறைந்தது, லென்ஸ் கூர்மையானது, அதனால் ஒளிப்புள்ளி சிறுத்தது, தடங்கள் நெருங்கின. சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74, ப்ளூ-ரேயில் 0.32. 12 மடங்கு, 6 மடங்கு என்று நீங்கள் போட்ட கணக்கின் பெரும்பகுதி இதிலிருந்து வந்தது. 405க்குக் கீழே போனால் புற ஊதா. டிஸ்க் செய்யும் பாலிகார்பனேட் அந்த ஒளியை விழுங்க ஆரம்பித்துவிடும். ஒளியை எவ்வளவு கூர்மையாகக் குவிக்கும் என்பதற்கான அளவான லென்ஸின் திறப்பும் 0.85க்கு வந்துவிட்டது. காற்றில் 1ஐத் தாண்ட முடியாது. ஆக அந்த வழி அடைபட்டாயிற்று.

மிச்சம் இருப்பது அடுக்குகளைக் கூட்டுவது. 100 ஜிபி டிஸ்க் அப்படித்தான் வந்தது: அடுக்குக்கு 33 ஜிபி, மூன்று அடுக்கு. இந்த மூன்றும் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கின்றன, ஒரு தலைமுடி கனத்துக்குள். மேல் அடுக்குகளை ஊடுருவிக் கீழ் அடுக்கைப் படித்து, திரும்பி வரும் மங்கிய ஒளியில் பள்ளம் எது மேடு எது என்று பிரிக்க வேண்டும். நான் பார்த்தவரை, வயதான டிரைவ் டிவிடியைத் தடுமாறாமல் படிக்கும், 50 ஜிபியை இரண்டு முயற்சியில் படிக்கும், மூன்றடுக்கு டிஸ்க்கைப் போட்டால் லென்ஸ் மேலும் கீழும் குவியம் தேடும் "டிக் டிக்" சத்தம் மட்டும் கேட்கும். பிறகு டிஸ்க்கைத் துப்பிவிடும். முக்கால்வாசி நேரம் லென்ஸைத் துடைத்தாலே சரியாகிறது, நம் ஊர்த் தூசி அப்படி.

ஆர்க்கைவல் டிஸ்க் 300 ஜிபி வந்த வழி வேறு. அது இருபக்க டிஸ்க். பக்கத்துக்கு மூன்று அடுக்கு, அடுக்குக்கு 50 ஜிபி. பெட்டிக்குள் அடுக்கி, டேட்டா சென்டரிலும் டிவி நிலையங்களிலும் ஆவணம் சேமிக்கச் செய்தது. வீட்டுப் பக்கமே வரவில்லை. கன்சோலில் வைத்தால் இரண்டு பக்கமும் லேசர் வைக்க வேண்டும், அல்லது நீங்கள் எழுந்து திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போடுவதற்கு இரண்டாவது டிஸ்க்கையே போட்டுவிடலாம்.

இதையெல்லாம்விட முக்கியம் வேகம். ப்ளூ-ரேயின் 1எக்ஸ் என்பது நொடிக்கு 4.5 எம்பி. பிஎஸ்5 டிரைவ் 100 ஜிபி டிஸ்க்கை அதிகபட்சம் 10எக்ஸில் படிக்கும், அதுவும் வெளி விளிம்பில். உள் விளிம்பில் அதில் பாதிக்கும் குறைவு. சராசரியாக நொடிக்கு 33 எம்பி என்று வைத்தால் ஒரு டிஸ்க் முழுசாக இன்ஸ்டால் ஆக 50 நிமிடம். 300 ஜிபிக்கு இரண்டரை மணி நேரம், முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே. 300 எம்பிபிஎஸ் லைன் வைத்திருப்பவருக்கு டவுன்லோடு இந்த டிஸ்க்கைவிட வேகம். கொள்ளளவு கூடினால் வேகம் தானாகக் கூடாது என்பதற்கு பிஎஸ்3யே சாட்சி. அதன் ப்ளூ-ரே டிரைவ் 2எக்ஸ், நொடிக்கு 9 எம்பி. 360இன் 12எக்ஸ் டிவிடி வெளி விளிம்பில் 15 எம்பியைத் தாண்டும். பெரிய டிஸ்க்தான் மெதுவான டிஸ்க். அதனால்தான் டெவில் மே க்ரை 4 பிஎஸ்3இல் 5 ஜிபி இன்ஸ்டால் என்று 20 நிமிடம் உட்கார வைத்தது. மெட்டல் கியர் சாலிட் 4 அத்தியாயத்துக்கு அத்தியாயம் இன்ஸ்டால் செய்தது, கதாநாயகன் ஸ்னேக் சிகரெட் பிடித்து முடிக்கும்வரை.

டிஸ்க்தாசன்
லேசர் சார், இவ்வளவு விவரமாக யாரும் எழுதியதில்லை, நன்றி. ஆனால் எனக்கு ஒரு மணி நேரம் இன்ஸ்டால் ஆனாலும் பரவாயில்லை, இரண்டரை மணி ஆனாலும் பரவாயில்லை. தென்காசி நண்பருக்கு 300 ஜிபி டவுன்லோடு 16 மணிக்கு மேல். அவருக்கு இரண்டரை மணி நேரம் வரம். நீங்கள் வேகத்தை 300 எம்பிபிஎஸ் வீட்டோடு ஒப்பிடுகிறீர்கள், அந்த வீட்டுக்காரர் டிஸ்க் வாங்குவதே இல்லை.

ஸ்டிக்ட்ரிஃப்ட்
பிசி கேமிங்கை ஏன் யாரும் பேசவில்லை? அங்கே இந்தப் பரிசோதனை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. பிசி கேம்கள் டிவிடியோடு நின்றன, ப்ளூ-ரேக்கு மாறவே இல்லை. 2015இல் ஜிடிஏ 5 பிசி பெட்டியில் 7 டிவிடி. 2020இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஐரோப்பாவில் 10 இரட்டை அடுக்கு டிவிடியில் வந்தது, படம் தேடிப் பாருங்கள், கேம் பெட்டி மாதிரி இல்லை, கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும். அதற்கப்புறம் பெட்டிக்குள் வெறும் டவுன்லோடு குறியீடு அச்சிட்ட காகிதம். பிசி ஆட்கள் யாரும் பெரிய டிஸ்க் கேட்டுக் கொடி பிடிக்கவில்லை. கேபினெட்டில் டிரைவ் வைக்கும் இடமே காணாமல் போய்விட்டது.

டிஸ்க்தாசன்
அதேதான், அதேதான் என் பயம்! பிசியில் டிஸ்க் வளரவில்லை, அதனால் செத்தது. 10 டிவிடி கொடுத்தால் எவன் வாங்குவான்? டிஸ்க்கை வளரவிடாமல் வைத்திருந்துவிட்டு, பாருங்கள் யாருக்கும் டிஸ்க் வேண்டாமாம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? கன்சோலிலும் அதே நாடகம் ஆரம்பித்துவிட்டது. பிஎஸ்5 ப்ரோவில் டிரைவே கிடையாது, வேண்டுமென்றால் தனியாக 80 டாலருக்கு வாங்க வேண்டும்.

பிட்கஞ்சன்
காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறீர்கள். பிசியில் டிஸ்க் சாகக் காரணம் 2003இல் வந்த ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை. அது வந்தபோது கேம்கள் ஒரு டிவிடியைக்கூட நிரப்பவில்லை. இடம் தாராளமாக இருந்தபோதே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பிழை திருத்தும் பேட்ச் தானாக வருகிறது, கணினி மாற்றினாலும் கேம் கூடவே வருகிறது, தள்ளுபடி வேறு. டிஸ்க் 500 ஜிபி இருந்திருந்தாலும் அந்த ஓட்டம் நின்றிருக்காது.

சின்ன ஸ்டுடியோ என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் கேம் 4 ஜிபி. எங்களுக்கு டிஸ்க் போட முடியாததற்குக் காரணம் இடம் இல்லை, குறைந்தபட்ச அச்சு எண்ணிக்கை. அதைக் குறைக்க யாராவது திரி போட்டால் முதல் ஆளாக வருகிறேன்.

லேசர்405
பணம் பற்றி ஒன்று விட்டுப்போனது. ப்ளூ-ரே கேமுக்காகப் பிறந்தது இல்லை. சினிமாவுக்காகப் பிறந்தது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள், டிவி கம்பெனிகள், பிளேயர் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து செலவைப் பங்கு போட்டார்கள். எதிர்ப்பக்கம் தோஷிபாவின் எச்டி டிவிடி. 360க்கு அதைத் தனி டிரைவாக 2006இல் விற்றார்கள், படம் பார்க்க மட்டும், அதில் ஒரு கேம்கூட வரவில்லை. 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டது. சோனி பிஎஸ்3இல் நஷ்டப்பட்டது டிஸ்க் போரை ஜெயிக்க, கேமுக்கு இடம் கொடுக்க மட்டும் இல்லை. பிஎஸ்5இன் 100 ஜிபி டிஸ்க்கும் 4கே படத்துக்காக ஏற்கனவே இருந்த அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேதான். அதே வகை டிரைவ் 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸில் இருந்தது, படத்துக்கு மட்டும்.

இப்போது 300 ஜிபி டிஸ்க் யாருக்கு வேண்டும்? 4கே படம் 100க்குள் அடங்குகிறது. 8கே படத்துக்கு டிஸ்க் வடிவமே இல்லை. சாம்சங் 2019இல் பிளேயர் சந்தையை விட்டு விலக ஆரம்பித்தது. எழுதும் வகை ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பைச் சோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. முழுச் செலவும் கன்சோல் தலையில் விழும். டிஸ்க் ஆராய்ச்சி நின்றுபோய்விடவில்லை, 2024இல் ஷாங்காய் ஆராய்ச்சியாளர்கள் ஒரே டிஸ்க்கில் 200 டெராபைட் அளவுக்குப் போகும் என்று காட்டினார்கள். ஆனால் அது ஆய்வக மேசையில் இருக்கிறது, 80 டாலர் டிரைவில் இல்லை.

சுமதி_ஆர்பிஜி
டிஸ்க் இல்லாத பக்கமும் ஒரு பார்வை பார்ப்போம். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2இல் டிஸ்க்குக்குப் பதில் கார்டு. பெரிய அளவு 64 ஜிபி. சைபர்பங்க் 2077ஐ முழுசாக அதில் அடக்கிக் கொடுத்தார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் அந்தக் கார்டு டிஸ்க்கைப் போல மலிவு இல்லை. அதனால் பல பதிப்பாளர்கள் கேம்-கீ கார்டு என்று உள்ளே ஒன்றுமே இல்லாத கார்டை விற்கிறார்கள். ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸும் அப்படித்தான் வந்தது. காரணம் கேட்டபோது அதன் டெவலப்பர் ஒருவர் சொன்னது இடப் பற்றாக்குறை இல்லை, கார்டின் வேகம் போதவில்லை என்பதுதான்.

லேசர் சொன்னதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது: டிஸ்க் இனி விளையாட்டு நடக்கும் இடம் இல்லை, கேமை எஸ்எஸ்டிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டி. வண்டி இரண்டு நடை போனால் போகட்டும். தாசன் கேட்பது பெரிய வண்டி. நான் கேட்பது வண்டி காலியாக வரக்கூடாது என்பது மட்டும்.

டிஸ்க்தாசன்
காலியாக வரக்கூடாது என்பதில் ஒத்துப்போகிறோம். ஆனால் அதைக் கேட்டால் மட்டும் கொடுத்துவிடுவார்களா? மெட்டல் கியர் சாலிட் 4இன் 2008 டிஸ்க்கை இன்றும் பிஎஸ்3இல் போட்டால் முழுக் கேமும் அதிலேயே இருக்கிறது, 50 ஜிபி டிஸ்க் இருந்ததால். எக்ஸ்பாக்ஸ் 360இன் ஆன்லைன் கடையை 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச்சிலேயே போயாயிற்று. பிஎஸ்5 கடையும் ஒரு நாள் மூடும். அன்றைக்கு 70 எம்பி டிஸ்க்கை வைத்து என்ன செய்வது, சுவரில் மாட்டுவதா?

ஸ்டிக்ட்ரிஃப்ட்
கேமைக் காலத்துக்கும் பாதுகாப்பது என்று வந்தால் சைபர்பங்க் 2077ஐயே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் பிஎஸ்4இல் அது வந்த லட்சணம் எல்லாருக்கும் தெரியும். சோனி தன் கடையிலிருந்தே தூக்கியது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. அந்த மாதங்களில் டிஸ்க் மட்டும் கடைகளில் கிடைத்தது. டிஸ்க்கில் இருந்தது என்ன? அதே உடைந்த 1.0 பதிப்பு. நீங்கள் 300 ஜிபி டிஸ்க்கில் காலத்துக்கும் பாதுகாக்கப்போவது அந்த 1.0ஐத்தான் ப்ரோ. நாம் கொண்டாடும் சைபர்பங்க் முழுக்க பேட்ச்சில் இருக்கிறது.

தென்காசிக்காரன்
அதற்குத்தான் ஒரு வருடம் கழித்து வரும் கம்ப்ளீட் எடிஷன் வாங்குவது. பேட்ச், பிறகு வரும் கூடுதல் பகுதிகளான டிஎல்சி எல்லாம் டிஸ்க்கிலேயே இருந்தால் நல்லது. அவசரப்பட்டு முதல் நாள் வாங்குபவர்கள் உங்கள் மாதிரி வேகமான லைன்காரர்கள்.

ஸ்டிக்ட்ரிஃப்ட்
அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரே கேள்வி, சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். இன்றைக்குத் தனி டிரைவ் 80 டாலர். அடுத்த கன்சோலில் 300 ஜிபி படிக்கும் டிரைவ் 150 டாலர், பழைய 100 ஜிபி டிரைவ் அதே 80 என்று இரண்டையும் கடையில் வைத்தால் எதை எடுப்பீர்கள்? நான் இரண்டையும் எடுக்க மாட்டேன், அது தெரிந்ததே.

டிஸ்க்தாசன்
150. யோசிக்காமல்.

தென்காசிக்காரன்
80. மிச்சக் காசில் ஒரு பழைய கேம் வரும். இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குவேன்.

சுமதி_ஆர்பிஜி
80. நான்கு டிஸ்க்கோடு லாஸ்ட் ஒடிசி முடித்தவளுக்கு இரண்டு டிஸ்க் ஒரு பொருட்டா?

பிட்கஞ்சன்
கேள்வியே தப்பு. இரண்டு டிரைவ் இருந்தால் எந்தப் பதிப்பாளரும் 80 டாலர் டிரைவுக்குத்தான் டிஸ்க் அடிப்பார், அதுதான் எல்லாரிடமும் இருக்கும். 360இன் எச்டி டிவிடி டிரைவில் ஒரு கேம்கூட வராதது ஏன் என்று நினைக்கிறீர்கள்? தாசனின் 150 டாலர் டிரைவ் வாழ்நாள் முழுக்க 100 ஜிபி டிஸ்க்கைத்தான் படித்துக்கொண்டிருக்கும். எல்லாக் கன்சோலிலும் கட்டாயமாக உள்ளேயே வைத்தால் ஒழிய 300 ஜிபி நடக்காது. அப்படி வைத்தால் கன்சோல் விலை ஏறும். அந்த வேலையைச் சோனி 2006இல் 599 டாலரில் செய்து பார்த்துவிட்டது.

டிஸ்க்தாசன்
செய்து பார்த்துவிட்டு 8 கோடி விற்றது என்று சுமதி அக்காவே மேலே எழுதியிருக்கிறார்.

சுமதி_ஆர்பிஜி
599இல் இல்லை தம்பி. விலையை எத்தனை தடவை குறைத்த பிறகு என்று தேடிப் பார்த்துவிட்டு வா. நாளைக்குத் தொடரலாம்.